கங்கம்மா படுத்த கட்டில்

ஓடைமேட்டுக் கண்டிகையில் தணிகாசலத்தின் வண்டியில் ஏறாத பொருள் கிடையாது. பழவேற்காட்டுக் கருவாடு, சவுக்குக் கட்டை, பொன்னேரிச் சந்தைக்குப் போகிற நெல், கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் வந்திறங்குகிற மண்ணெண்ணெய் டின், கல்யாண வீட்டுக்கு அண்டா குண்டா, சாவு வீட்டுக்குப் பச்சை மூங்கில், எல்லாம் அவன் வண்டியில்தான் வந்து போகும். வேறு வண்டிக்காரர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் சாமான் சேதமில்லாமல் வந்து சேர வேண்டும் என்றால் ஜனங்கள் தணிகாசலத்தைத்தான் தேடுவார்கள். பள்ளம் வந்தால் அவன் மாட்டை அதட்ட மாட்டான். தானே இறங்கி நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பான். வாய் 'முருகா முருகா' என்று முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். ஆடிக் கிருத்திகைக்கு அவன் திருத்தணிக்குக் காவடி எடுக்காத வருஷம் இல்லை.

இன்னொரு குணமும் அவனிடம் இருந்தது. யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவான். சரியான ஏமாளி என்று ஊரில் சிரிப்பார்கள். அவன் அதை ஒரு குறையாக எடுத்துக்கொண்டதே இல்லை. ஒரு மனுஷன் வாயைத் திறந்து ஒன்றைச் சொல்கிறான், அதற்கென்று ஒரு மரியாதை வேண்டாமா என்பான்.

அவன் பெண்சாதி கங்கம்மா ஆரம்பாக்கத்துப் பக்கம் பிறந்தவள். பேச்சில் தெலுங்கு கலந்திருக்கும். நடவுக்கு இறங்கினால் அவள் கை கண்ணுக்குத் தெரியாது, நாற்று மட்டும் நட்டபடி போய்க்கொண்டே இருக்கும். பெற்ற பிள்ளைகள் இரண்டும் தங்கவில்லை. அந்தத் துக்கத்தை அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. மாட்டைத்தான் அவள் கொஞ்சம் அதிகமாகக் கொஞ்சுவாள்.

அவளுக்கு முறைக்காய்ச்சல் பிடித்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். வருகிற நாளில் வீட்டிலிருக்கிற சாக்கு, பாய், பழம்புடவை எல்லாவற்றையும் மேலே போட்டாலும் பல் கிடுகிடு என்று அடித்துக்கொள்ளும். அப்புறம் உடம்பு நெருப்பாகும். பிறகு வேர்த்துக் கொட்டி இறங்கிவிடும். மறுநாள் எழுந்து சேற்றில் இறங்கி நிற்பாள். நிலவேம்புக் கஷாயம் குடித்தாள். மந்திரித்த கயிறு கட்டிக்கொண்டாள். ஒரு தடவை வெள்ளை மருந்து அடிக்கிறவர்கள் வந்து வீட்டுச் சுவரெல்லாம் பீச்சிவிட்டு, இனி கொசுவும் இல்லை காய்ச்சலும் இல்லை என்று சொல்லிப் போனார்கள். மூட்டைப்பூச்சி செத்தது. காய்ச்சல் போகவில்லை. வரவர இடது விலாவுக்குக் கீழே கட்டி மாதிரி ஒன்று இறுகி, கையை வைத்தால் தட்டுப்பட்டது. முகம் வெளுத்துப் பூசணிப்பூ நிறமாகிவிட்டது. கால் வீங்கியது. குடத்தைத் தூக்கினால் மூச்சு வாங்கியது.

அந்தச் சமயத்தில்தான் ஜெயராஜ் சைக்கிளில் வந்தான். அவன் அரசாங்கத்தின் கிராம சேவக். இருபத்தைந்து வயசு இருக்கும். சட்டைப் பையில் பேனா, பேச்சில் பணிவு. ஊர் ஜனங்களைக் கோயில் முன்னால் கூட்டி, ஆஸ்பத்திரி ஒன்று வரப்போகிறது என்றான். இடமும் உடம்பு உழைப்பும் ஊர் கொடுக்க வேண்டும். டாக்டர், மருந்து, கட்டில் எல்லாம் சர்க்கார் கொடுக்கும். இனிமேல் இந்த நாட்டில் பிறந்த யாரும் மருந்து கிடைக்காமல் சாகக்கூடாது, அதுதான் திட்டம் என்று சொன்னான். சொல்லும்போது அவன் கண்ணே கலங்கிப் போயிற்று. அவன் நம்பித்தான் சொன்னான். அதில் சந்தேகம் இல்லை.

ஊர் நம்பவில்லை. ஓடைக்குப் பாலம் கட்டுகிறோம் என்று முன்னே ஒருத்தர் வந்து மாலை போட்டுக்கொண்டு நட்டுப்போன அடிக்கல், இப்போது துணி துவைக்க வாகாக இருந்தது. டீக்கடை ஆதிகேசவன் பாலை ஆற்றிக்கொண்டே சொன்னான்: "கவர்மெண்டு சொல்றதுல பொய்யே கெடையாது நைனா. எல்லாம் செய்வாங்கோ. தேதி ஒண்ணுதான் சொல்ல மாட்டாங்கோ."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தணிகாசலமும் சிரித்தான். ஆனால் மறுநாள் காலையில் சூளைக்கு வண்டியைக் கட்டியவன் அவன்தான். கூலி வாங்காமல் செங்கல் இழுத்தான், மணல் இழுத்தான், சுண்ணாம்பு இழுத்தான். ஏன் இப்படி மாட்டைக் கொல்லுகிறாய் என்று கேட்டவர்களுக்கு, என் ஊட்டுக்காரிக்குத்தானே கட்டுறாங்க என்று பதில் சொன்னான்.

கட்டடம் எழும்பியது. இரண்டு அறை, முன்னால் ஒரு வராந்தா, மேலே மங்களூர் ஓடு. ஊரே கொஞ்சம் ஆடிப்போய்விட்டது. ஆதிகேசவன்கூட ஒருநாள் உள்ளே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்து, செவுரு நிஜந்தான் என்றான்.

பழவேற்காட்டுக் கருவாட்டு வியாபாரி அசன் முகைதீன் அந்த மாதம் சரக்கு ஏற்ற வந்தபோது, கங்கம்மா வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். அவர் அதிகம் பேசாதவர். தணிகாசலத்தைத் தனியே அழைத்து, மெட்ராஸ் ராயபுரத்தில் தன் மச்சான் இருக்கிறார், இந்த வாரமே ரயில் ஏற்றிக் கூட்டிவா, பெரியாஸ்பத்திரியில் காட்டித் தங்கவைக்க நானாச்சு என்று சொன்னார். உனக்குப் பேஜாரு வேண்டாம், எல்லாம் என் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றும் சொன்னார்.

தணிகாசலம் யோசித்தான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "உங்க மனசு யாருக்கு வரும் பாய். ஆனா இங்கியே ஆஸ்பத்திரி தொறக்கப் போறாங்க. டாக்டர் ஊட்டு வாசல்லயே வந்து நிக்கப்போறாரு. இவளை ரயில்ல இஸ்துகினு அலையணுமா?"

பாய் புதுக் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தார். அல்லா நாடினால் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். கங்கம்மா எல்லாவற்றையும் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கும் ஊரை விட்டுப் போகப் பயம். அதனால் பேசாமல் இருந்துவிட்டாள்.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். மெட்ராஸிலிருந்து பெரிய மனிதர் ஒருவர் வருகிறார். ஜெயராஜுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முந்தின நாள் காலையில் தணிகாசலத்திடம் வந்து, ரயில் நிற்கிற பெரிய ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு கட்டில் ஏற்றிவர வேண்டும் என்றான். அந்த ஊரின் பேரை இந்தக் கதையில் சொல்ல வேண்டாம். அங்கே இருந்தவர்களும் நம்மைப் போல மனுஷர்கள்தான். மெட்ராஸில் நமக்குப் புதுக் கட்டில் தயாராக இருக்கிறது, அது வருகிறவரைக்கும் இது என்று ஜெயராஜ் விளக்கினான். அவனுக்கு மேலே இருந்தவர்கள் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

தணிகாசலம் போய் அந்த ஆஸ்பத்திரி வார்டில் நின்றான். கட்டில் இரண்டும் காலியாக இல்லை. ஒன்றில் ஒரு பையன் படுத்திருந்தான். இன்னொன்றில் கால் வீங்கிய கிழவர் ஒருத்தர். நர்ஸ் அம்மா தரையில் பாய் விரித்து, பிடிப்பா என்றாள். தணிகாசலம் கிழவரின் காலைப் பிடித்தான். மெத்தென்று இருந்தது, விரல் பட்ட இடம் குழிந்து நின்றது. "பாத்து நைனா, பாத்து" என்றார் அவர். மெல்ல இறக்கிப் பாயில் விட்டார்கள். அவருக்கு வேறு கட்டில் வருமோ என்று தணிகாசலத்துக்கு ஒரு கணம் மனசில் தட்டியது. கேட்கவில்லை. சர்க்கார் செய்கிற காரியம், ஏதாவது ஏற்பாடு இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். கட்டிலையும் சிவப்புக் கம்பளியையும் வண்டியில் ஏற்றி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினான்.

மறுநாள் வாழைமரம், மாவிலைத் தோரணம், மைக் செட். பெரிய ஊர் ஆஸ்பத்திரியின் டாக்டரும் கம்பவுண்டரும் ஜீப்பில் மருந்துப் பெட்டிகளோடு வந்து அலமாரியில் புட்டிகளை அடுக்கினார்கள். கட்டில் இரண்டும் அறையில் போட்டாயிற்று. அப்போதுதான் ஒரு சங்கடம் முளைத்தது. காலிக் கட்டிலைக் காட்டினால் நன்றாயிருக்காது, இரண்டு நோயாளிகள் படுத்திருக்க வேண்டும் என்று கம்பவுண்டர் சொன்னார்.

ஊரில் ஒருத்தரும் முன்வரவில்லை. நல்ல உடம்பாக இருக்கும்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தால் நோய் வீடு தேடி வரும் என்று பெண்கள் பின்வாங்கினார்கள். அதில் எத்தனை பேர் உயிர் விட்டார்களோ, யார் கண்டது என்றான் ஒருத்தன். கடைசியில் ஆதிகேசவன்தான் துண்டை உதறிக்கொண்டு எழுந்தான். படுக்கிறேன் சார், எனக்கு இன்னா வியாதின்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க, அவர் கேட்டா முழிக்கக்கூடாது பாருங்க என்றான். கம்பவுண்டர் அவன் முழங்காலுக்குப் பெரிய கட்டாகப் போட்டுவிட்டார்.

இன்னொரு கட்டில் காலியாக இருந்தது. தணிகாசலம் ஜெயராஜின் அருகில் போனான். நிஜமான நோயாளியே என் வீட்டில் இருக்கிறாளே சார் என்றான்.

வீட்டுக்கு ஓடி, அவளை எழுப்பினான். அன்றைக்குக் காய்ச்சல் முறை நாள். வெயில் ஏறுகிறபோதே குளிர் பிடித்திருந்தது. அவள் வரமாட்டேன் என்றாள். இத்தனை பேர் நடுவில் எப்படிப் படுப்பது என்று கூசினாள். அவன் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, தான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னான்.

"கேளு கங்கா. இப்ப நீ ஏறிப் படுத்துட்டேன்னு வெச்சிக்க, அந்தக் கட்டில் உனுக்கு. இன்னைக்கு மெட்ராஸ் பெரியவர் வந்து கண்ணால பாக்கப்போறாரு. அவர் பாத்தப்புறம் எவன் வந்து உன்னை எறக்குவான்? சொஸ்தமாயித்தான் எறங்குவே."

முந்தின நாள் ஒரு கிழவரைத் தன் கையாலேயே இறக்கியவன் இப்படிச் சொன்னான். அது அவன் நினைவில் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கிழவரைப் பெரிய மனிதர் யாரும் வந்து பார்க்கவில்லையே என்று அவன் மனசு சமாதானம் சொல்லியிருந்தது. கங்கம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். கலியாணமான நாளிலிருந்து அவன் நம்பியதையெல்லாம் அவளும் கூடவே நம்பிப் பழகியவள். எழுந்து, தலைமுடியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, அவன் தோளைப் பிடித்து நடந்து போனாள்.

சிவப்புக் கம்பளியைப் போர்த்தியதும் கட்டிலே ஆடுகிற மாதிரி அவளுக்கு நடுக்கம். பக்கத்துக் கட்டிலில் ஆதிகேசவன் முதலில் ஏதோ கிண்டல் பேசிக்கொண்டிருந்தவன், அவள் பல் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டு அடங்கிவிட்டான். தன் கம்பளியையும் எடுத்து அவள் மேல் போடச் சொன்னான்.

பெரிய மனிதர் வந்தார். வெள்ளை வேட்டி, சாந்தமான முகம். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, உடம்புக்கு என்னம்மா என்று கேட்டார். காய்ச்சல் சாமி என்றாள். அவர் அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, இனிமே கவலை இல்லை, வரவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டாய் என்றார். போட்டோ பிடித்தார்கள். வெளிச்சம் பளீர் என்று அடித்ததில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே மைக்கில் வெகுநேரம் பேச்சு நடந்தது. ஏழை என்றும் பணக்காரன் என்றும் பேதமில்லாமல், பட்டணம் என்றும் பட்டிக்காடு என்றும் பார்க்காமல், எல்லாருக்கும் வைத்தியம் என்று அவர் சொன்னபோது, தணிகாசலம் ஜன்னலுக்கு வெளியே நின்று கையெடுத்துக் கும்பிட்டான். ஜனங்கள் கைதட்டினார்கள். கைதட்டும்போது நம்பாமல் தட்ட முடியாதில்லையா. அந்த ஒரு நிமிஷம் எல்லாரும்தான் நம்பினார்கள்.

கார்கள் போயின. அவற்றின் பின்னாலேயே டாக்டரும் விருந்துக்குப் போய்விட்டார். வெயில் சாய்கிற நேரம், கம்பவுண்டர் அலமாரியிலிருந்து புட்டிகளை எடுத்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். தணிகாசலம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் அவனுக்கு விளங்கவில்லை. ஜெயராஜ் அவரிடம் தாழ்ந்த குரலில் என்னவோ மன்றாடினான். அவர் தலையை ஆட்டிக்கொண்டே அடுக்கினார். அவரும் கெட்டவர் அல்ல. எங்கள் வார்டில் இரண்டு பேர் நேற்றிலிருந்து தரையில் கிடக்கிறார்கள், பொழுது சாய்வதற்குள் கட்டில் திரும்பி வர வேண்டும் என்று உத்தரவு, நான் என்ன செய்ய என்றார்.

ஜெயராஜ் வெளியே வந்தான். முகத்தில் ரத்தம் இல்லை. தணிகாசலத்தை நேரே பார்க்க முடியாமல், வண்டியைக் கட்டணும் என்றான்.

"அவ படுத்துகினு இருக்கா சார்."

புதுக் கட்டில் எப்போ வரும் என்று தணிகாசலம் கேட்டான். எனக்குத் தெரியலை அண்ணே என்று ஜெயராஜ் சொன்னான். அவன் அதுவரைக்கும் யாரிடமும் தெரியாது என்று சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லில்தான் தணிகாசலத்துக்கு எல்லாம் புரிந்தது.

உள்ளே போய்க் கட்டிலண்டை நின்றான். குளிர் விட்டு, இப்போது அவளுக்கு உடம்பு கொதித்தது. கண் செருகியிருந்தது. இவளைத் தூக்கித் தரையில் விட வேண்டும், பிறகு கட்டிலை வண்டியில் ஏற்ற வேண்டும், பிறகு இவளை விட்டுவிட்டுக் கட்டிலோடு போக வேண்டும். அவன் கை எழும்பவில்லை. வெளியே வந்து மாட்டைக் கட்டினான்.

"அவளை எறக்க வேணாம்" என்றான். "கட்டில் எங்க போவுதோ, அவளும் அங்கியே போவட்டும்."

யாரும் மறுக்கவில்லை. கம்பவுண்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஆறு பேர் சேர்ந்து, கங்கம்மாவோடு கட்டிலைத் தூக்கி வண்டியில் வைத்தார்கள். இன்னொரு கட்டிலை ஓரமாக நிறுத்திக் கட்டினார்கள். முழங்கால் கட்டை இன்னும் அவிழ்க்காத ஆதிகேசவன், ஓடையில் சக்கரம் புதைந்தபோது தண்ணீரில் இறங்கித் தோள் கொடுத்துத் தள்ளினான். பாலம் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெரிய ஊரில் விளக்கு ஏற்றுகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வார்டில் கட்டில் இருந்த இடம் இரண்டும் வெறுமையாகக் கிடந்தது. பையன் தரையில் தூங்கிப்போயிருந்தான். கிழவர் பாயில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது போல. வாசலில் கட்டிலைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. பிறகு அதில் ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். என்னுடையது என்று அவர் சொல்லவில்லை.

நர்ஸ் அம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். நாள் முழுக்க ஒற்றை ஆளாக நின்றவள். ஏற்கெனவே வராந்தாவில் எட்டுப் பேர் கிடக்கிறார்கள், கட்டிலோடு இன்னொரு ஆளையும் கொண்டுவந்தால் நான் எங்கே போவேன் என்றாள். தணிகாசலம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். விட்டால் போய்விடும் என்கிற மாதிரி பிடித்திருந்தான். பெரிய மனிதர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார் என்று சொல்ல வாயெடுத்தான். இந்த இடத்தில் அந்தப் பேச்சு அவனுக்கே வெட்கமாக இருந்தது.

கங்கம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். கிழவரைப் பார்த்தாள். அவர் காலைப் பார்த்தாள்.

"எறக்கு மாமா" என்றாள். "அவரு படுக்கட்டும்."

இறக்கினான். கிழவரைத் தூக்கிக் கட்டிலில் விட்டதும் அவனேதான். அவர் கங்கம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். நர்ஸ் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போய், பாயும் தலைக்குத் துணிச்சுருளும் கொண்டுவந்து வராந்தாவில் இடம் ஒதுக்கினாள். காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை கொடுத்தாள். டாக்டர் காலையில் வருவார் என்றாள்.

டாக்டர் காலையில் வந்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். இந்தக் காய்ச்சலுக்கு மருந்து இருக்கிறது, ஆரம்பத்திலேயே கொடுத்திருந்தால் இரண்டு வாரத்தில் எழுந்திருப்பாள் என்று சொன்னார். இப்போது உடம்பில் ரத்தமே இல்லை, ரத்தம் ஏற்ற இங்கே வசதி கிடையாது, மெட்ராஸுக்குக் கொண்டுபோ, அடுத்த பாசஞ்சரிலேயே போ என்றார். எத்தனை நாளாய்க் காய்ச்சல் என்று தணிகாசலத்தைக் கேட்டார். அசன் பாய் வந்து நின்ற நாள் அவன் கண்ணுக்குள் வந்துவிட்டது. ரயில்ல இஸ்துகினு அலையணுமா என்று தான் கேட்டது அவன் காதிலேயே கேட்டது.

ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டான். பால் கேன்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒருமுறை, மாட்டுக்குத் தண்ணி காட்டினியா என்று கேட்டாள். காட்டினேன் என்றான். கைகாட்டி இறங்கியது. தூரத்தில் புகை தெரிந்தது. வண்டி வந்துட்டுது கங்கா, எழுந்திரு என்று தோளைத் தொட்டான். அவள் எழுந்திருக்கவில்லை. ரயில் வந்து நின்று, ஜனங்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். ரயில் போய்விட்டது. பால் கேன்காரர் ஒருவர்தான் முதலில் கவனித்து, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு அருகில் வந்தார்.

பள்ளம் மேடு பார்த்து அவளை ஊருக்குக் கொண்டுவந்தான். அன்றைக்கு ஒரு தடவைகூட அவன் வண்டியில் ஏறி உட்காரவில்லை. நுகத்தடியைப் பிடித்து நடந்தே வந்தான்.

கருமாதி முடிந்த பிறகுதான் அந்தப் போட்டோ ஊருக்கு வந்து சேர்ந்தது. ஆதிகேசவன் கடைக்கு வருகிற பழைய பேப்பரில் இருந்தது. கங்கம்மா அந்தக் கம்பளிக்குள் கண்ணை மூடிக் கிடக்கிறாள். பெரிய மனிதர் நெற்றியில் கைவைத்திருக்கிறார். கீழே அச்சடித்திருந்ததை ஒருத்தன் எழுத்துக் கூட்டிப் படித்தான்: புதிய சுகாதார நிலையத்தில் சிகிச்சை பெறும் பெண்மணி. "பேப்பர்ல இன்னும் வைத்தியம் நடந்துகினு இருக்குது" என்று இன்னொருத்தன் வாய்தவறிச் சொல்லிவிட்டு, தணிகாசலம் மூலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து விறைத்துப்போனான். தணிகாசலம் எழுந்து வந்து பேப்பரை வாங்கிப் பார்த்தான். அவளை வேறு யாரும் போட்டோ பிடித்ததில்லை. ஆதிகேசவன் கத்தரியால் ஓரம் பிசகாமல் அவளை மட்டும் வெட்டிக் கொடுத்தான். அந்தப் பெரியவர் கை மட்டும் அவள் நெற்றியில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

கட்டடத்தைப் பூட்டினார்கள். வராந்தாவில் ஆடு படுத்தது. பிறகு யாரோ உர மூட்டை அடுக்க அனுமதி வாங்கினார்கள். டாக்டர் வருகிறார் என்று இரண்டொரு தடவை செய்தி வந்தது. யாரும் எழுந்துபோய்க்கூடப் பார்க்கவில்லை.

அறுவடை முடிந்த காலத்தில் ஜெயராஜ் மறுபடி வந்தான். இளைத்திருந்தான். பேச்சில் பழைய உற்சாகம் இல்லை. வேறொரு அதிகாரி பார்வையிட வருகிறார், உர மூட்டையை அப்புறப்படுத்த வேண்டும், நாளைக்குக் கட்டில் எடுத்துவர வேண்டும் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். வண்டியைக் கட்டாதே என்று ஊரில் எல்லாரும் தணிகாசலத்தைத் தடுத்தார்கள். ஆதிகேசவன் தணிகாசலத்தின் சட்டையைப் பிடிக்காத குறைதான். நான் போவலைன்னா வேற வண்டி போவும் என்று மட்டும் தணிகாசலம் சொன்னான். அவனிடம் கோபம்கூட மிச்சம் இல்லை.

விடியற்காலையில் மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தபோது, தெருக்கோடியில் இருக்கும் கன்னியம்மா மூன்று வயசுப் பெண்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். குழந்தை பழைய புடவைக்குள் வெடவெட என்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, கட்டில் எடுக்கப் போறியாமே. இந்தவாட்டி என் பொண்ணை அதுல படுக்க வெக்கச் சொல்லு. ஜெயராஜ் சாரு நீ சொன்னா கேப்பாரு. வர்ற பெரிய மனுஷன் கண்ணுல பட்டா எதனா செய்வாருல்ல."

தணிகாசலம் கயிற்றை அப்படியே விட்டான். அவளுக்கு நடந்தது எல்லாம் தெரியும். கங்கம்மாவைக் குளிப்பாட்டின பெண்களில் அவளும் ஒருத்தி. தெரிந்துதான் வந்து நிற்கிறாள். வேறு எங்கே போய் நிற்பாள்?

"கட்டில் இங்க வரும்னு காத்துக்கினு இருக்காதே தாயீ" என்றான். "வண்டி அந்தப் பக்கம் காலியாத்தான் போவுது. இப்பவே ஏறு."

கன்னியம்மா தயங்கினாள். வீட்டில் சொல்லவில்லை, மாற்றுப் புடவை எடுக்கவில்லை என்று ஏதேதோ சொன்னாள். பிறகு கேட்டாள்: "அங்க போனா பாப்பாங்களா அண்ணே?"

தணிகாசலம் வைக்கோலை உதறித் தட்டிப் பரப்பினான். அவள் கையிலிருந்து குழந்தையை வாங்கினான். நடுக்கம் நின்று, அது சுடத் தொடங்கியிருந்தது. குழந்தையை வண்டியில் படுக்கவைத்து, தன் மேல்துண்டைப் போர்த்தினான். கன்னியம்மா பதிலுக்காக இன்னும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஏறுவதற்காக அவன் நுகத்தடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.